எதிர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்

திண்டிவனத்தில் நான் இருக்கும் வீட்டுக்கு ஏழு ஜன்னல்கள். ஆறு ஜன்னல்கள் பகலெல்லாம் திறந்திருக்கும். ஏழாவது கூடத்து ஜன்னல். தெருவைப் பார்த்தது, எதிர் வீட்டு வாசலுக்கு நேரானது. அதைச் சாத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாத்தியதோடு விடவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்ப்பேன். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்ப்பேன், மாத்திரைகளை எண்ணுவேன், அப்புறம் இந்தத் தாழ்ப்பாள்.

எண்ணுவது எனக்கு உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். விழுப்புரம் ஜங்ஷனைத் தலைமையிடமாகக் கொண்டு ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்தக் குறி தன் கண்ணெதிரே கடந்து போனால்தான் வண்டி முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன்காரர் ஒப்புக்கொள்வார். எஞ்சின் வந்துவிட்டது என்பது வண்டி வந்துவிட்டது என்பதாகாது. நான் அந்தக் குறி போட்ட பெட்டியிலேயே காலத்தைக் கழித்தவன். வழியில் எங்காவது இரண்டு பெட்டி கழன்று நின்றிருக்குமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். போகிற வண்டிகளை எல்லாம் எண்ணுகிறேன். யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எண்ணுவதைத் தவிர எனக்கு ஒரு கொள்கை உண்டு. யாராவது கல்யாணத்துக்காக விசாரிக்க வந்தால் உள்ளதைச் சொல்லிவிடுவது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன்பு மாப்பிள்ளையின் தெருவுக்குப் போய் நாலு இடத்தில் கேட்பார்கள். சொந்தக்காரர்களைக் கேட்கமாட்டார்கள். முடிவெட்டும் கடை, துணி தேய்க்கிறவர், டீக்கடை, கடைசியாக எதிர் வீடு. எதிர் வீட்டில் கேட்டால் சொல்வார்கள் என்பது ஒரு நம்பிக்கை. நேராகக் கேட்பதும் கிடையாது. வேறு யாருடைய விலாசத்தையோ கேட்பதுபோல ஆரம்பித்து, மழை, கரும்பு, பஸ் என்று சுற்றி, எழுந்திருக்கும்போது, "ஆமா, அந்தப் பச்சை கேட்டு வூட்டுப் பையன் எப்படிங்க?" என்று போடுவார்கள். இந்தத் தெருவில் அப்படிப் பதினோரு பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஏழு கல்யாணம் நடந்தது. நாலு நின்றது. அந்த நாலு வீடுகளில் மூன்று வீட்டார் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அக்காவுக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கவேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நான் காலேஜில் சேர்ந்த புதிது. மாப்பிள்ளை வீடு விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில். விசாரிக்கப் போன அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாலு இடத்திலும் கேட்டார். நாலு இடத்திலும் தங்கமான பையன் என்றார்கள். எதிர் வீட்டு அம்மாள் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். கொத்தமல்லி கிள்ளிப் போட்ட மோர். "நல்ல புள்ளைங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது" என்றார். அப்பா திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அது உண்மைதான். அவர் அதிர்ந்து பேசியதே இல்லை. அடிக்கும்போதும் பேசமாட்டார் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வருவாராம்.

மூன்று வருஷம் இருந்தாள். பிறகு அவளுடைய பாத்திரங்களை எடுத்துவர நானும் அப்பாவும் போனபோது எதிர் வீட்டு அம்மாள் தெருவுக்கே ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கல்யாணம் ஆனா சரியாயிடுவான்னு நெனச்சேங்க. தெருவுக்கே தெரியும். எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்." அப்பா கையை உதறவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எனக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தபோதெல்லாம், "போய் யாரைக் கேக்கறது?" என்பார். அந்தக் கேள்விக்கு அவர் சாகும்வரை பதில் கிடைக்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் இவ்வளவுதான். உறவினர்கள் வேறு பெரிய காரணங்கள் வைத்திருக்கிறார்கள்.

அக்கா கடைசிவரை என்னோடு இருந்தாள். நன்றாகச் சமைப்பாள், வம்பு பேசுவாள், சீரியல் பார்த்துத் திட்டுவாள். யாராவது சட்டையைக் கழற்றினால் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். நான் வேலையிலிருந்து வந்ததும் குளியலறைக்குள் போய்த்தான் சட்டையைக் கழற்றுவேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் பார்க்க யாரும் இல்லை.

இன்னொரு பழக்கம் அவளுக்கு. காலையில் பல் விளக்கும் முன்பே கூடத்து ஜன்னலைத் திறந்துவிடுவாள். மழை அடித்தாலும் திறந்திருக்க வேண்டும். தரை நனைகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன். காற்றுக்காகத் திறக்கிறாள் என்று நினைத்தேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த கடைசி வாரத்தில், வெயில் ஏறிய ஒரு காலை நேரத்தில், என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த எதிர் வூட்டு ஜன்னலு எப்பவும் தொறந்துதான் இருக்கும்டா. நான் வாழப்போன புதுசுல அந்தம்மா அதுல நின்னுதான் அரிசி பொடைக்கும். அப்புறம் சாத்திட்டாங்க."

"எந்த ஜன்னல்?" என்றேன்.

"சாத்திட்டாங்க" என்றாள் மறுபடியும்.

மருந்தின் மயக்கத்தில் பேசுகிறாள் என்று நான் டிரிப்பில் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு எனக்குச் சாப்பாடு எதிர் வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரே மகன். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, தினமும் பைக்கில் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவன். தினமும் மாலையில் அந்த அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கில் குழம்போ கூட்டோ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணே, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க, எண்ணிக்கினு உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். காசு என்ற பேச்சை நான் எடுத்தபோது ஒரு பார்வை பார்த்தார். பிறகு எடுக்கவில்லை.

அவருடைய புருஷன் பைபாஸில் லாரி மோதி இறந்தபின் பையன் குடிக்க ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வண்டிச் சாவியை எங்கே ஒளித்தாய் என்று வாசலில் வைத்து அம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். என் வீட்டுக்குக் கொண்டுவர அவர் கையில் வைத்திருந்த தூக்கு விழுந்தது. மூடி உருண்டு தெருவின் நடுவுக்கு வந்து, சுற்றிச் சுற்றி, அடங்கியது. தெருவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மா வந்து மூடியை எடுத்தார். நிமிர்ந்தபோது ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலைச் சாத்தினேன். பார்க்காததுபோல் இருப்பதுதான் மரியாதை என்று பட்டது. மறுநாளும் குழம்பு வந்தது. தூக்கின் மூடி நசுங்கி, ஒரு பக்கம் உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது.

போன சித்திரையில் ஒருநாள் தூக்கை வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம விழுப்புரம் பக்கம் காணையிலருந்து பொண்ணு வூட்டுக்காரங்க இந்தப் பக்கம் விசாரிக்க வர்றாங்க போல."

"வரட்டுமேம்மா."

"யாரக் கேட்டாலும் உங்க வூட்டத்தான் கை காட்டுவாங்க." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நான் உங்கள பொய் சொல்லச் சொல்லலண்ணே. செத்தாலும் சொல்ல மாட்டீங்க, தெரியும். அன்னிக்கு ஒருநாளு விழுப்புரம் போயிட்டு வந்துடுங்களேன். உங்க ஸ்டேஷனப் பாத்து எவ்ளோ நாளாச்சி."

"ஸ்டேஷன் என்னைப் பாக்காம ஏங்கிக்கினு கெடக்குதாக்கும்."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இப்ப அவன் தொடறதே இல்லண்ணே. அவங்கப்பா மேல சத்தியமா. கல்யாணம் ஆனா இன்னும் சரியாயிடுவான்."

எனக்கு மோர் வாசனை வந்தது. கொத்தமல்லி கிள்ளிப் போட்ட மோர். அவர் கொண்டுவந்த தூக்கில் மோர் இல்லை, என் வீட்டிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விழுப்புரத்துக்கு வண்டி ஏறினேன். அவர் சொன்னதற்காகத்தான் போனேன். ஊரில் இல்லாதவன் பொய்யும் சொல்வதில்லை, மெய்யும் சொல்வதில்லை. கொள்கைக்கும் பங்கமில்லை, குழம்புக்கும் பங்கமில்லை. ஜங்ஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை வாங்கிக் கடலையை உரித்துக்கொண்டு, வருகிற வண்டிகளின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். டீ விற்கிறவர் இரண்டு தடவை கடந்து போய்விட்டு மூன்றாவது தடவை நின்றார்.

"பெரியவரே, எந்த வண்டிக்கு?"

"எந்த வண்டிக்கும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு விரல் விட்டு எண்ணிக்கினு இருக்கீங்க? பெட்டி கொறஞ்சா கட்டித் தரப் போறீங்களா?"

அவரிடமிருந்து தப்பிக்கத்தான் எழுந்தேன். கால் தானாக அந்தத் தெருப் பக்கம் போயிற்று. இத்தனை வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்தும் அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்ததில்லை. சுற்றிக்கொண்டு போவேன்.

அக்கா வாழ்ந்த வீடு இல்லை. அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை, ஞாயிறு என்பதால் ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் படியில் ஏறி வெயிலுக்கு ஒதுங்கித் திரும்பினேன். எதிர் வீடு அப்படியே இருந்தது. அதன் ஜன்னலும் இருந்தது. பழைய மரக் கதவு, நீல பெயிண்ட் உரிந்தது, சாத்தியிருந்தது. அந்தத் தெரு அவ்வளவு குறுகல் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால், குரல் என்ன, ஒரு தும்மல் போட்டால், அங்கே கேட்கும். மோர் குடித்த அன்று நான் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அக்கா மூன்று வருஷம் பார்த்தது இது.

அவள் ஒருநாளும் அந்த அம்மாளின் வார்த்தையைப் பற்றிக் குறை சொன்னதில்லை என்பது அந்தப் படியில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. ஒரு தடவைகூட இல்லை. கடைசியில் அவள் சொன்னதும் இந்த ஜன்னலைப் பற்றித்தான். நானும் அப்பாவும்தான் அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தோம்.

வெயிலில் தலை சுற்றியது. பின்னால் ஷட்டரில் யாரோ உள்ளிருந்து சாய்வதுபோல் ஒரு சத்தம். தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தம் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மதிய பஸ்ஸிலேயே ஊர் திரும்பினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினேன். ஞாயிறு, பகல், சாவி, அறை, மூடி. இன்னும் யாராவது கேட்க இருந்தால் சொல்லிவிடுவது. குழம்பு நின்றால் நிற்கட்டும்.

வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு மனமில்லை.

"ஐயா, எதிர் வூட்டப் பத்திக் கேக்கணும்" என்றாள் அந்தப் பெண். மழை இல்லை, கரும்பு இல்லை, நேராக.

உள்ளே கூப்பிட்டு நாற்காலி காட்டினேன். "பொண்ணுக்கு அக்காவாம்மா நீ?"

"பொண்ணே நான்தான்."

"அப்பா வரலையா?"

"காலையிலயே வந்து டீக்கடைல கேட்டுட்டுப் போயிட்டாரு. தங்கமான பையனாம். அப்பாவுக்கு அந்தக் கடை டீயும் ரொம்பப் புடிச்சிருச்சி."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "நான் சொல்லப்போறது உனக்குக் கஷ்டமா இருக்கும்..."

"அம்மாவ அடிச்சதா? அத அவரே சொல்லிட்டாரு. மொத தடவ போன்ல பேசும்போதே." ஹெல்மெட்டின் வாரை இழுத்து விட்டாள். "குடிச்சது, நிறுத்துனது, எல்லாம் சொன்னாரு. நான் முண்டியம்பாக்கத்துல நர்ஸு. நிறுத்திட்டேன்னு சொல்றவங்கள நெறைய பாக்கறேன். நெசமாவே நிறுத்தறவங்களும் இருக்காங்க, மூணு மாசத்துல திரும்ப வர்றவங்களும் இருக்காங்க. அதான் கேக்க வந்தேன். இப்ப எப்படி இருக்காரு?"

நான் அடுக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் என்ன தெரியும் என்று தேடினேன். காலையில் பைக் போகும், மாலையில் பைக் வரும். கேட் சத்தம் கேட்கும். தூக்கு வரும். தினமும் தூக்கு கொடுத்த அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேனா? மூடியைத்தான் பார்த்திருக்கிறேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

"நேர் எதிர் வூட்ல இருக்கீங்க?"

"அந்த ஜன்னலைச் சாத்திட்டேன்."

"எப்ப?"

"அவன் அடிச்ச அன்னிக்குத்தான்."

அவள் சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். மாத்திரையைப் போடாமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் பிறகு என்னைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாழ்ப்பாளை அசைத்தாள். துரு பிடித்து இறுகியிருந்தது.

"எண்ண இருக்கா தாத்தா?"

தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தேன். அவள் ஊற்றினாள், நான் சுத்தியலால் தட்டினேன். நாலாவது தட்டில் விட்டது. தெரு வெளிச்சம் கூடத்துக்குள் விழுந்தது. அக்கா உட்காரும் இடத்தில் விழுந்தது.

"இன்னும் நான் ஒண்ணும் முடிவு பண்ணல" என்றாள் கையைத் துடைத்துக்கொண்டு. "பண்ணிக்கினு வந்தன்னா இது தொறந்து இருக்கணும். நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். தொறந்து இருந்தா போதும்."

முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. அங்கே சுவர்தான் என்று தெரிந்தும் இருந்தது.

அன்று மாலை குழம்பு வரவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் வரவில்லை. கேப்பைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார். "இன்னா சொன்னீங்கண்ணே அந்தப் பொண்ணுகிட்ட?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "பின்ன ஏன் ஜன்னலத் தொறந்து வெச்சிக்கினு இங்கியே பாக்கறீங்க? பேஜாராக்கீது."

அவருக்குச் சாதகமான ஒரு வார்த்தையைத்தான் நான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். எந்தப் பொய்க்காக நாற்பது வருஷம் ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு போனேனோ, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். நான் சொன்னது உண்மை. ஆனால் அதை உண்மையாக்கியது நான் சாத்திய ஜன்னல்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வந்தது, போனேன், முன் வரிசையில் உட்கார்ந்தேன். இப்போது தூக்கை மருமகள்தான் கொண்டுவருகிறாள். அதே நசுங்கிய மூடி. புதிது வாங்கச் சொன்னால், "ராசியான மூடி தாத்தா" என்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன், கழுத்தைப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறாள். பையனும் காலையில் வண்டியை எடுக்கும்போது ஜன்னலைப் பார்த்துத் தலையசைக்கிறான். சில நாள் அசைப்பதில்லை. அசைக்காத நாட்களை எண்ணாமல் இருக்க முயற்சி செய்கிறேன்.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் எதிர் வீட்டுக்குள் பாத்திரம் விழுந்தது. மூடி உருளும் சத்தம். சுற்றிச் சுற்றி அடங்கும் சத்தம். நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. அதிர்ந்து ஒரு வார்த்தை இல்லை.

வாசலுக்கு அவள் வந்தாள். மூடியைக் கையில் தூக்கிக் காட்டினாள். "கை நழுவிடுச்சி தாத்தா!"

அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது.

"சரிம்மா" என்றேன்.

அவள் உள்ளே போனாள். நான் கம்பியை விடவில்லை. தண்டவாளத்தில் ஒரு வண்டி போயிற்று. எத்தனை பெட்டி என்று எண்ணவில்லை. பின்னால், கூடத்தில் தான் எப்போதும் உட்காரும் இடத்தில், யாரோ சட்டையைக் கழற்றியதுபோல, அக்கா எனக்கு முன்பே எழுந்து நின்றிருந்தாள்.